மயக்கம் கொடுத்த பிறகு மூச்சுக்குழாய்க்குள் போடும் டியூப் அம்மாவுக்குப் போகாமல் ஆபரேஷன் நின்றுவிட்டது. அடுத்த முறை தொண்டையில் ஒரு கருவி வைத்து, அதன் வழியாகக் கேமரா விட்டு டியூப் போடுவார்களாம். நம்பிப் போகலாமா?

போகலாம். நான் சேலத்தில் மயக்க மருந்து டாக்டர். டியூப் இறங்கவில்லை என்றதும் உங்கள் அம்மாவை எழுப்பி வார்டுக்கு அனுப்பினாரே, அந்த டாக்டர் செய்ததுதான் சரி. டியூப் போகாததால் உயிர் போவதில்லை, ஆக்சிஜன் போகாவிட்டால்தான் போகும்.

சில வருஷம் முன்பு ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மா பித்தப்பைக் கல்லுக்காக வந்தார். வாய் நன்றாகத் திறந்தது, கழுத்தும் மடங்கியது, சந்தேகமே வரவில்லை. மயக்கம் கொடுத்து, தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை வைத்தால் குரல்வளை மூடியின் நுனி மட்டும் தெரிகிறது, டியூப் போக வேண்டிய வாசல் தெரியவில்லை. தலையணையை மாற்றி இன்னொரு தடவை பார்த்தேன், அதேதான். மூன்றாவது தடவைக்குக் கை பரபரக்கும். அங்கேதான் நிறுத்த வேண்டும். கிளறக் கிளறத் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், கடைசியில் மாஸ்க் பிடித்தும் காற்று இறங்காது.

4ஆம் நம்பர் ஐ-ஜெல் வைத்தேன். குரல்வளை வாசலில் கவிழ்ந்து உட்காரும் கருவி அது. ஆர்ச்சி பிரெயின் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1981ல் உருவாக்கிய எல்.எம்.ஏ. என்ற குரல்வளை மாஸ்க்கின் வழி வந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் 99. அப்புறம் அவசரமே இல்லை.

அதற்குள் 7 மி.மீ. டியூப் போகும். ஜெல்லி தடவிப் பாதி இறக்கி, டியூபின் மேல்முனையில் துளையுள்ள கனெக்டரை மாட்டினால், ஆக்சிஜன் ஓடும்போதே பைபர் ஆப்டிக் ஸ்கோப்பை, அதாவது நீங்கள் சொன்ன கேமராவை, நுழைக்கலாம். முதலில் ஐ-ஜெலின் சுவர். அடுத்து வெளுத்த இரண்டு குரல்நாண்கள், நடுவே கறுப்பாய் முக்கோண வாசல். உள்ளே வளையம் வளையமாக மூச்சுக்குழாய், அது இரண்டாகப் பிரியும் கவை. கவையைப் பார்த்த பிறகே டியூபைத் தள்ளினேன். குரல்வளை ஓரத்தில் தட்டி நின்றது. இடப்பக்கம் கால் சுற்றுத் திருப்பியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மானிட்டரில் கரியமில வாயுவின் அலை வந்துவிட்டது, டியூப் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது என்று அர்த்தம். ஐ-ஜெலை உருவவில்லை. டியூப் நீளம் பத்தாது, உருவினால் அதுவும் கூடவே வந்துவிடும்.

உங்கள் அம்மாவுக்குச் சிரமம் என்று முன்பே தெரிந்துவிட்டது. அதனால் தொண்டையை மரக்க வைத்து, விழித்திருக்கும்போதே ஸ்கோப் விடலாம் என்றும் டாக்டர் சொல்லக்கூடும். கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் மறுக்காதீர்கள். அம்மா தானாக மூச்சு விட்டுக்கொண்டே இருப்பார், அது பெரிய பாதுகாப்பு. வெறும் வயிறு பற்றிச் சொல்வதை அப்படியே கேளுங்கள். ஐ-ஜெல் போன்ற கருவிகள் வாந்தி நுரையீரலுக்குள் போவதை முழுதாகத் தடுக்காது.

டிஸ்சார்ஜின்போது என்ன சிரமம், எது உதவியது என்று எழுதி வாங்குங்கள். அந்த எஸ்டேட் அம்மாவுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளை அவர் மகள் நாலாக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். நாளைக்கு ஏதாவது அவசரம் என்று ராத்திரியில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தால், டூட்டியில் நான் இருக்கமாட்டேன், வேறு யாராவது இருப்பார்கள்.