பத்து நாள் முகாமில் மறைகிற எண்ணமா இது?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. மனச்சிதைவு நோய்க்கு ஐந்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறான். குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனாலும், "நான் பைத்தியம்தானே, எனக்கு யார் வேலை கொடுப்பா?" என்று வீட்டிலேயே கிடக்கிறான். டாக்டர் குழு சிகிச்சைக்குப் போகச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர், 10 நாள் தங்கும் முகாமுக்கு 40,000 ரூபாய் கட்டினால் குணம் நிச்சயம் என்கிறார். இவனைப் போன்றவர்களோடு உட்கார்ந்தால் இன்னும் மோசமாகிவிடாதா?

— வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: மோசமாகாது. ஊர் சொன்னதை உங்கள் தம்பி நம்பிவிட்டார். நீங்களோ டாக்டரோ மறுத்துப் பேசினால் ஆறுதலுக்குச் சொல்வதாகத்தான் அவருக்குத் தோன்றும். அதே மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கிறவர் சொன்னால் காதில் ஏறும்.

நான் நடத்தும் குழுவில் ஒருவர், "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்றார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "போன வாரம் மழையில எந்த பஸ் ஓடுது, எது ஓடலைனு எங்க எல்லாருக்கும் சொன்னது யாரு?" என்று கேட்டார். இப்படி ஒவ்வொரு நினைப்பையும் உரசிப் பார்த்து, பிறகு தன் கதையைத் தானே வேறு மாதிரி சொல்லிப் பழகுவதுதான் சிகிச்சை. யானோஸ், ரோ, லைசேக்கர் என்ற உளவியலாளர்கள் இதற்கென வகுத்த முறையே சுமார் 20 அமர்வுகள், வாரம் ஒன்றாக. பத்து நாளில் முடிப்பேன் என்பவரை என்னவென்று சொல்வது?

அந்தத் தெரிந்தவருக்கு இதில் எவ்வளவு கமிஷன் என்று கேளுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, "குணமானவர்" வீடியோ எடுத்துப் போடுவோம் என்றாலோ திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் 2001-ல் சங்கிலியோடு எரிந்துபோனவர்களுக்குப் பிறகும் இந்த வியாபாரம் ஓயவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. குழுவில் உங்கள் ஊர்க்காரரோ உறவினரோ இருந்தால் சேர்க்காதீர்கள். தம்பி சொல்வதை ரகசியமாக வைக்கும் கடமை சட்டப்படி சிகிச்சை தருபவருக்கு உண்டு. சக உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. வெளியே பேச மாட்டேன் என்று எல்லோரும் வாக்குக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் சின்ன ஊரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தி போதும், மொத்தமும் வெளியே வந்துவிடும். அப்புறம் அவர் எந்தக் குழுவுக்கும் வர மாட்டார். யார் யார் வருகிறார்கள் என்று நடத்துபவர் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி, அந்தப் பக்கத்து ஆள் இருந்தால் வேறு குழுவில் போடுங்கள் என்று கேளுங்கள். பக்கத்து ஊர்க் குழுவானாலும் பரவாயில்லை, பஸ் செலவோடு போகட்டும்.

முதலில் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் விசாரியுங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் இடம் உண்டு. நடப்பில் பல இடங்களில் மாத்திரைக்கு வரிசை, "தூங்குறாரா, சாப்பிடுறாரா?" என்று இரண்டு கேள்வி, அடுத்த டோக்கன். குழு நடத்த ஒரு அறையும் ஒரு மணி நேரமும் போதும். அதற்கும் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. அங்கே இல்லையென்றால் 14416-க்கு அழையுங்கள். அது டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணம் கிடையாது.

தம்பியிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோம். முதல் இரண்டு வாரம் வாயே திறக்க வேண்டாம், சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள்.