கோல் அடிப்பவன் பெயர்தானே பேப்பரில் வரும்?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகன் பள்ளி ஹாக்கி அணியில் இருக்கிறான். நன்றாக ஓடுவான். ஆனால் கோல்கீப்பராகத்தான் நிற்பேன் என்று அடம்பிடிக்கிறான். கோல் அடிப்பவன் பெயர்தானே பேப்பரில் வரும்? கோல்கீப்பருக்கு என்ன எதிர்காலம்? அவன் மனதை மாற்ற நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.
- ஒரு தந்தை, கோவில்பட்டி

பதில்: அவன் மனதை மாற்ற என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. மாற வேண்டியது உங்கள் மனதுதான். தெருவுக்குத் தெரு பையன்கள் ஹாக்கி மட்டையோடு திரிகிற கோவில்பட்டியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தமும் இருக்கிறது.

இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்த பி.ஆர்.ஸ்ரீஜேஷை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி.ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று எல்லாவற்றிலும் கால் வைத்தவர். பயிற்சியாளர் சொல்லித்தான் கோல்கீப்பர் ஆனார். உங்கள் மகனாவது தானே ஆசைப்பட்டு நிற்கிறான். கோல்கீப்பரின் கவசங்கள் விலை அதிகம். அதை வாங்க ஸ்ரீஜேஷின் அப்பா வீட்டில் இருந்த பசுவை விற்றார். உங்களுக்கு வந்த இதே சந்தேகம் அவருக்கும் வந்திருக்கலாம். ஆனாலும் விற்றார்.

அப்புறம் உடனே புகழ் வந்துவிட்டதா? இல்லை. 2006-ல் கொழும்பில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய சீனியர் அணிக்காக முதலில் ஆடினார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 12 அணிகளில் இந்தியா கடைசி. அந்த அணியில் அவரும் இருந்தார். 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டி இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஷூட் அவுட்டில் (ஆட்டம் சமனானால் ஒவ்வொருவராக வந்து கோல்கீப்பரை எதிர்கொள்வது) பந்துகளைத் தடுத்துத் தங்கம் வாங்கித் தந்தபோதுதான் நாடு அவரைத் திரும்பிப் பார்த்தது. நடுவில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

கோல்கீப்பர் முற்றுவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கும். பெனால்டி கார்னர் என்பது எதிரணி தவறு செய்ததால் கிடைக்கும் கோல் வாய்ப்பு. அதில் டிராக் ஃபிளிக் அடிப்பவர், அதாவது பந்தை மட்டையால் இழுத்துச் சுண்டி விடுபவர், கோலுக்கு முன்னால் உள்ள வட்டத்தின் விளிம்பில், ஏறக்குறைய 15 மீட்டர் தூரத்தில் நிற்கிறார். பந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. கோல்கீப்பர் கையில் இருப்பது சுமார் அரை விநாடி. பந்தைப் பார்த்துவிட்டுத் தடுக்க முடியாது. அடிப்பவரின் தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, பந்து கிளம்பும் முன்பே எந்தப் பக்கம் என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தக் கண் ஆயிரக்கணக்கான பந்துகளை வாங்கிய பிறகுதான் திறக்கும். 2017-ல் முழங்காலில் பலத்த காயம்பட்டுப் பல மாதம் ஆடாமல் இருந்த பிறகும் ஸ்ரீஜேஷ் திரும்பி வந்தார் என்றால், சேர்த்து வைத்த அந்தக் கண் அவரிடம் இருந்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டம். ஜெர்மனிக்கு எதிராக 5-4. முடிய சில விநாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். அதைத் தடுத்ததில் 41 வருடத்துக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம் வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி இன்னும் கடினம். 17-வது நிமிடத்தில் நம் வீரர் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் பத்துப் பேரோடு பிரிட்டனைச் சமாளித்து, 1-1 என்று நிறுத்தி, ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றோம். பாரிஸில் அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 10 கோல் அடித்தார், அது பெரிய சாதனைதான். ஆனால் அன்று பின்னால் 36 வயதில் ஒருவர் நிற்காமல் போயிருந்தால் அரையிறுதி ஏது? ஸ்ரீஜேஷ் அணிந்த 16-ம் எண் ஜெர்சியை இனி சீனியர் அணியில் யாருக்கும் தருவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது அந்தக் கோல்கீப்பருக்காக.

உங்கள் கவலையில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்ரீஜேஷுக்கு முன்னால் கேரளத்துக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவரும் ஒரு கோல்கீப்பர்தான். கண்ணூர்க்காரர் மேனுவல் ஃபிரெட்ரிக். 1972 மியூனிக்கில் வெண்கலம். விளையாட்டு வீரர்களின் வாழ்நாள் பங்களிப்புக்கான தியான்சந்த் விருது அவரைத் தேடி வந்தது 2019-ல், 47 வருடம் கழித்து. 2025 அக்டோபரில் அவர் காலமானார். அவ்வளவு தாமதம் எந்த வீரருக்கும் நடக்கக் கூடாது.

இன்னொன்று, பேப்பரில் பெயர் வருவதை விடப் பெரிய கஷ்டம் இதில் இருக்கிறது. இடம் ஒன்றுதான். பாரிஸுக்குப் போன 16 பேரில் கோல்கீப்பர் ஒருவர் மட்டுமே. கிருஷண் பாதக் நல்ல கோல்கீப்பர், ஆனால் மாற்று வீரராகக் காத்திருந்தார். ஃபார்வர்டாக ஆடுகிறவர் சரியாக ஆடாவிட்டால் பக்கத்து இடத்துக்கு மாறிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்த வழி கிடையாது. உங்கள் மகனிடம் பேசுவதென்றால் இதைப் பேசுங்கள். காத்திருக்கத் தயாரா என்று கேளுங்கள். தயார் என்றால் குறுக்கே நிற்காதீர்கள்.

சரி, இப்போது நான் உங்களை ஒன்று கேட்கிறேன். அவன் காலில் கட்டுகிற பேட் யாருடையது? பள்ளியில் பல பேர் கட்டிக் கட்டி நைந்து போனதா? ஹெல்மெட் தலைக்குச் சரியாகப் பொருந்துகிறதா? மாரில், தொண்டையில் காப்பு இருக்கிறதா? அந்தப் பந்து 160 கிராம் எடை, கல் மாதிரி இருக்கும். இந்த வாரம் ஒரு நாள் மாலையில் மைதானத்துக்குப் போங்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் வலைக்கு வெளியே நின்று, அவனை நோக்கி வரும் பந்துகளைப் பத்து நிமிடம் பாருங்கள். பார்த்துவிட்டு முதலில் அந்தக் கவசங்களை வாங்கிக் கொடுங்கள்.