அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை ஏன் உணவுக்கு முன்பே விழுங்க வேண்டும்?

கேள்வி: நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் சாப்பிடுகிறேன். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு விழுங்கச் சொல்கிறார் மருத்துவர். எரிச்சல் தொடங்கிய பிறகு விழுங்கினால் பலன் தெரிவதில்லை. இதற்கும் செல்லின் உட்சட்டகத்துக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மைதான். இரைப்பையின் உட்சுவரிலுள்ள பேரைட்டல் செல்கள், புரோட்டான் பம்ப் எனப்படும் புரதத்தின் உதவியால் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி, பதிலுக்குப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. இவ்வாறு சுரக்கும் நீரில் ஹைட்ரஜன் அயனியின் அடர்த்தி செல்லுக்குள் இருப்பதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு அதிகமாக இருக்கும். இத்தனை வீரியமுள்ள பம்பைச் செல் எப்போதும் ஓடவிடுவதில்லை. உணவு இல்லாத வேளையில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள்ளேயே, நுண்ணிய பைகளின் சவ்வில், வேலையின்றி ஒடுங்கியிருக்கின்றன.

உணவு வந்ததும் காஸ்ட்ரின், ஹிஸ்டமின், நரம்பிலிருந்து வரும் அசிட்டைல்கோலின் ஆகிய வேதித்தூதுகள் செல்லைத் தூண்டுகின்றன. உடனே அந்தப் பைகள் செல்லுக்குள் ஓடும் நுண்கால்வாய்களின் சவ்வோடு இணைகின்றன. அச்சவ்வின் பரப்பு ஐந்து முதல் பத்து மடங்கு வரை பெருகுகிறது. குடைத்துணியைக் கம்பிகள் விரித்துப் பிடிப்பதுபோல, இவ்வளவு சவ்வையும் தாங்கி நிறுத்துவது, நீங்கள் கேட்ட உட்சட்டகமான செல்சட்டகமே. கால்வாய்ச் சுவரிலிருந்து விரல்போல நீளும் ஒவ்வொரு நுண்நீட்சியின் நடுவிலும் இச்சட்டகத்தின் ஆக்டின் என்ற புரத இழைகள் கற்றையாக நிற்கின்றன. எஸ்ரின் என்ற புரதம் ஒரு முனையால் ஆக்டினையும் மறுமுனையால் சவ்வையும் பற்றிப் பிணைக்கிறது. ஹிஸ்டமினின் சமிக்ஞை இந்த எஸ்ரினிலும் பாஸ்பேட்டைச் சேர்க்கிறது என்பது கவனிக்கத்தக்கது. சட்டகம் வெறும் முட்டுக்கொடுப்பு அல்ல என்பதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது: எஸ்ரின் மிகவும் குறைக்கப்பட்ட எலிகளில் நுண்கால்வாய்கள் சரியாக விரியாமல், அமிலச் சுரப்பு அடியோடு குன்றியது.

இனி உங்கள் மாத்திரைக்கு வருவோம். பான்டோபிரசோல் தானாகச் செயல்படும் மருந்தன்று. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தின் வழியே பேரைட்டல் செல்லை அடைந்து, அமிலம் ஊறும் நுண்கால்வாயில் தேங்கி, அங்கேதான் செயல்வடிவம் பெற்றுப் பம்பை நிரந்தரமாகப் பூட்டுகிறது. உள்ளே ஒடுங்கியிருக்கும் பம்பை அதனால் தொட முடியாது. இரத்தத்தில் மருந்தின் அளவு ஓரிரு மணி நேரத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுவதால், பம்புகள் மேலேறும் நேரமும் மருந்து வந்து சேரும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். மருத்துவர் சொன்ன அரை மணி நேரக் கணக்கு இதுவே. எரிச்சல் வந்தபின் விழுங்கினால், அந்த உணவுக்கான அமிலம் பெரும்பாலும் சுரந்து முடிந்த பிறகே மருந்து வந்து சேரும்.

ஒரே வேளையில் எல்லாப் பம்புகளும் மேலே வருவதில்லை. புதியனவும் உருவாகிக்கொண்டே இருக்கும். ஆகவே முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஐந்து நாள் ஆகலாம். முதல் நாளிலேயே மருந்தைக் குறை சொல்ல வேண்டாம். அமிலத்தைக் குறைக்கும் மற்றொரு மருந்தான ஃபமோடிடினின் வகை வேறு: அது ஹிஸ்டமினின் கட்டளையையே மறிப்பதால், சட்டகம் விரியும் வேலையே மட்டுப்படுகிறது.

மாத்திரையை உடைக்காமல், மெல்லாமல் விழுங்குங்கள். அதன் மேலுறைதான் இரைப்பை அமிலத்தில் மருந்து சிதையாமல் காக்கிறது. விழுங்கிவிட்டுக் காலை உணவைத் தவிர்ப்பதும் பலனைக் குறைக்கும்.