டர்போ பெட்ரோலைக் குடிக்குமா?

கேள்வி: சின்ன டர்போ எஞ்சின் வேகமும் தரும், மைலேஜும் தரும் என்றார்கள். என் ஹாட் ஹேட்ச்பேக்கில் (வேகத்துக்கென்றே முறுக்கேற்றிய சின்னக் கார்) மைலேஜைக் காணோமே?

பதில்: இரண்டும் தரும், ஆனால் ஒரே நேரத்தில் தராது. ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டியில் வந்த 1.5 லிட்டர் எஞ்சினைப் பாருங்கள். மூன்றே சிலிண்டர், 200 பிஎஸ் (குதிரைத்திறன்). நிதானமாகப் போனால் அதிலும் ஒன்றை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு இரண்டில் ஓடும். மிதித்தால் கதையே வேறு. டர்போ எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்க, அதற்கேற்பப் பெட்ரோலும் போகும். வழக்கமாக 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று. முழு மிதியில் பல எஞ்சின்கள் சூட்டைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும். (அந்த டர்போ விசிலுக்காகவே மிதிப்பவன் நான், உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.)

சரி, ஒரு டேங்க் மட்டும் பூஸ்ட் முள் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது) எழாமல் ஓட்டிப் பாருங்கள். அதற்காக டாப் கியரில், குறைந்த ஆர்பிஎம்மில் திணறவிட்டு மிதிக்காதீர்கள். நாக்கிங் வரும், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை கண்டபடி வெடித்து எஞ்சின் தட்டும்.