கிரேக்க, லத்தீன் கல்வெட்டுகள்: கேள்வி பதில்

ரோமானியக் கல்லறைக் கற்களின் உச்சியில் 'டி எம்' என்ற இரண்டு எழுத்துகளைப் பார்க்கிறேன். இறந்தவரின் பெயரா, ஐயா?

பெயரில்லை. 'டிஸ் மானிபுஸ்', அதாவது 'இறந்தோரின் ஆவிகளுக்கு' என்பதன் சுருக்கம். ஊரறிந்த தொடர் என்பதால் முதலெழுத்துகளே போதுமாக இருந்தன. சில கற்களின் அடியில் 'எஸ் டி டி எல்' என்றும் இருக்கும். விரித்தால் 'மண் உன்மேல் பாரமின்றி இருக்கட்டும்'. நான்கு எழுத்துகளுக்குள் இப்படி ஒரு வாழ்த்து இருப்பதை முதன்முதலில் அறிந்த நாளில், வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. வயதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். முப்பது, நாற்பது என்று முழு எண்களாகவே பல கற்களில் வருகிறது. உறவினர்கள் உத்தேசமாகச் சொன்ன வயது அது.

இத்தாலியில் ஓர் அருங்காட்சியகத்தில் எடுத்த படம் இது. வாசித்துச் சொல்வீர்களா?

நேர் எதிரே ஃபிளாஷ் அடித்திருக்கிறீர்கள். நிழலே விழவில்லை, எழுத்து எப்படித் தெரியும்? ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள்.

அங்கேயும் நம் ஊர்போல, கல்மேல் தாள் ஒட்டி மை தடவி மைப்படி எடுப்பார்களா?

எடுப்பார்கள், ஆனால் மை இல்லாமல். கனமான வடிதாளை நனைத்துக் கல்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளங்களுக்குள் இறக்குவார்கள். காய்ந்தபின் உரித்தால் எழுத்துகள் தாளிலேயே புடைத்து நிற்கும். நம் மைப்படியில் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்தைப் பார்க்கிறோம். அங்கே ஆழத்தையும் பார்க்கலாம். உளியின் வெட்டுக்கும் மழை அரித்த கீறலுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஆழத்தில்தான் பிடிபடும்.

ரோமின் பாந்தியன் கோயிலைக் கட்டியவர் அக்ரிப்பா என்று முகப்பிலேயே இருக்கிறதே?

இருக்கிறது. மூன்றாம் முறை கான்சலாக (ரோமின் தலைமை ஆட்சியராக) இருந்தபோது அவர் கட்டியதாகச் சொல்கிறது, அதாவது கி.மு. 27. ஆனால் இன்று நிற்பது பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்த கட்டடம். செங்கற்களில் குத்திய முத்திரைகளே அதைக் காட்டிக்கொடுத்தன. புதிய கட்டடத்திலும் பழைய கொடையாளியின் பெயரையே வைத்தார்கள்.

பதிப்புகளில் வரும் அடைப்புக்குறிகள் எதற்கு?

இதைக் கேட்டதற்கு நன்றி. 1931இல் லெய்டனில் ஒப்புக்கொண்ட முறை அது. வளைந்த அடைப்பு, சுருக்கத்தை விரித்தது. எழுத்தின் கீழே புள்ளி இருந்தால் அது சிதைந்தது, வாசிப்பு ஐயத்துக்குரியது. சதுர அடைப்புக்குள் இருப்பது கல்லில் இல்லை! பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது. அதன்மேல் வரலாற்றைக் கட்டாதீர்கள்.

எழுத்தின் வடிவத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாமா?

தோராயமாகச் சொல்லலாம். பத்து, இருபது ஆண்டுத் துல்லியத்துக்கு அதை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏதென்ஸின் சிக்மா (கிரேக்க 'ஸ்' எழுத்து) வழக்கே சாட்சி. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் சிக்மாவை மூன்று கோடுகளாலும் வெட்டினார்கள், நான்காலும் வெட்டினார்கள். மூன்று கோட்டுச் சிக்மா கி.மு. 446க்குப் பின் அரசாணைகளில் வராது என்பது நெடுங்காலம் சட்டம்போல இருந்தது. வரலாற்றறிஞர் ஹெரால்ட் மாட்டிங்லி 1961 முதல் அதை எதிர்த்து எழுதினார், பலர் ஏற்கவில்லை.

சண்டையின் நடுவில் இருந்தது, சிசிலியின் எகெஸ்தா நகரோடு ஏதென்ஸ் செய்த உடன்படிக்கைக் கல். ஏதென்ஸில் ஆர்க்கோன் பதவியில் இருந்தவர் பெயரே ஆண்டின் பெயர். இந்தக் கல்லில் அந்தப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டுமே தெளிவு: 'ஓன்'. ஹாப்ரோன் என்று நிரப்பினால் கி.மு. 458/7 (அதாவது 458–457), ஆன்டிஃபோன் என்றால் 418/7. நாற்பது ஆண்டு இடைவெளி! சிக்மாவுக்கு மூன்று கோடு, எனவே முந்தைய ஆண்டுதான் என்றார்கள். 1990இல் மார்ட்டிமர் சேம்பர்ஸ் குழுவினர் லேசர் ஒளியால் ஆராய்ந்து, ஆன்டிஃபோன் என்று அறிவித்தார்கள்.

கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிப்பதை, தள்ளிவிட்டால் தேதியில்லாத கற்களை என்ன செய்வது? அந்த லேசர் வாசிப்பையும் சிலர் மறுத்தார்களே!

மறுத்தார்கள், உண்மை. கருவி சொன்னது என்பதற்காக நானும் ஏற்கவில்லை. பிறகு கல்வெட்டறிஞர் ஆங்கெலோஸ் மத்தையூ கல்லை நேரில் ஆராய்ந்து அதே பெயரைத்தான் வாசித்தார். எழுத்தமைதியைத் தள்ளச் சொல்லவில்லை, ஐயா. ஒரே ஓர் எழுத்தின் ஒரு கோட்டை வைத்து ஒரு பேரரசின் வரலாற்றை அடுக்காதீர்கள் என்கிறேன். ஏதென்ஸ் தன் கூட்டணி நகரங்களை அடக்கிய ஆணைகள் சில, ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் காலத்தவையா அவருக்குப் பிந்தியவையா என்பதே இதனால் மாறுகிறது. எகெஸ்தா அழைத்துத்தான் கி.மு. 415இல் ஏதென்ஸ் சிசிலிமேல் படையெடுத்தது; அந்தப் படை பின்னர் அழிந்தது. 418/7 என்றால் உடன்படிக்கைக்கும் அந்தப் படையெடுப்புக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்.

கணினி சிதைந்த பகுதிகளை நிரப்பிவிடுமாமே?

2022இல் வெளிவந்த 'இத்தாக்கா' என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் தனியாக நிரப்பியபோது 62 விழுக்காடு சரி. அறிஞர்கள் அதைத் துணைக்கு வைத்துக்கொண்டபோது 72. நாம் பேசிய சிக்மா ஆணைகளுக்கு அது தந்த சராசரிக் காலம் கி.மு. 421, அதாவது 446க்குப் பிந்தியது. பயனுள்ள கருவி. ஆனால் கணினி நிரப்பினாலும் அது சதுர அடைப்புக்குள்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு கல்லின் படம்…

ஒளியைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

பழைய கல்வெட்டுத் துண்டு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். எங்கே கிடைத்தது என்பது தெரியாத கல், பாதி வாயடைத்த கல்.

ரோமப் பேரரசர் அகஸ்டஸின் கல்வெட்டில் பாண்டிய மன்னன் பெயர் இருப்பதாகப் படித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது.

அங்காராவில் கோயில் சுவரில் வெட்டப்பட்ட அகஸ்டஸின் சாதனைப் பட்டியலில், இந்திய மன்னர்களின் தூதுக்குழுக்கள் தன்னிடம் அடிக்கடி வந்ததாக அவரே சொல்கிறார். எந்த மன்னர் என்று சொல்லவில்லை. 'பாண்டியோன்' என்ற பெயர் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோவின் நூலில் வருகிறது. அங்கும் 'வேறு சிலர் போரஸ் என்பர்' என்ற குறிப்போடுதான். நூலில் உள்ளதை எடுத்துக் கல்லில் ஏற்றாதீர்கள். பெருமையாலும் சதுர அடைப்பை நிரப்பக் கூடாது.

முதலில் படம் அனுப்பியவன்தான். ஜன்னல் வெளிச்சம் பக்கத்திலிருந்து விழும் இன்னொரு படம் இருந்தது. இதோ.

அருமை! மூன்றாம் வரியில் 'விக்ஸிட் ஆன்னிஸ்' தெளிவாக வருகிறது: 'வாழ்ந்த ஆண்டுகள்'. அடுத்து, பத்தைக் குறிக்கும் குறி மூன்று முறை. அதன்பின் கல் உடைந்திருக்கிறது. முப்பதோடு முடிந்ததா, மேலும் ஐந்து இருந்ததா என்பதைப் படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். உடைந்த விளிம்பை மட்டும் அருகில் எடுத்த படம் இருக்கிறதா?