கிரிமினாலஜி படிக்க இங்கிலாந்து வருகிற தம்பிக்கு

தம்பி, நெல்லையில் கிரிமினாலஜி முடித்துவிட்டு செப்டம்பரில் இங்கே எம்.ஏ. படிக்க வருகிறேன், ‘சமகாலக் குற்றவியல் சிக்கல்கள்’ என்று ஒரு தாள் இருக்கிறது, அதற்கு எப்படித் தயாராவது, முடித்தால் போலீஸில் வேலை கிடைக்குமா, ஸ்வெட்டர் எத்தனை, வாடகை எவ்வளவு என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். ஸ்வெட்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், வாடகை ஊருக்கு ஊர் வேறு. அதையெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

போலீஸ் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். நான் 2010இல் கிளம்பும்போது எங்கள் ஏஜென்டும் ஸ்காட்லாந்து யார்டு என்றுதான் ஆரம்பித்தார், உங்களிடமும் அதே பாட்டுதான் போல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் போலீஸில் சேர, நம்மைப் போன்ற காமன்வெல்த் நாட்டுக்காரர்களுக்குத் தங்குவதில் காலவரம்பு இருக்கக்கூடாது. மாணவர் விசாவிலும் சரி, படிப்பு முடிந்ததும் தங்கி வேலை பார்க்க அடுத்து வாங்கப்போகிற கிராஜுவேட் விசாவிலும் சரி, வரம்பு உண்டு. அந்த கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற எம்.ஏ.காரர்களுக்கு 2 வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. அப்புறம் கிரிமினாலஜி என்பது தடயவியலும் இல்லை. கைரேகை, டிஎன்ஏ எல்லாம் வேறு துறை.

நான் சொல்ல வந்தது வேறு. அந்தத் தாளில் வாரத்துக்கு ஒன்றாக நடத்தப்போகிற விஷயங்களில் பாதி, வகுப்பு தொடங்கும் முன்பே உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடும். அனுப்புகிறவர் பெரும்பாலும் நம் ஊர்க்காரராகத்தான் இருப்பார், தமிழில்தான் பேசுவார், ‘தம்பி சாப்டியா’ என்றுதான் தொடங்குவார். ‘என் அக்கவுண்டில் ஒரு சின்னச் சிக்கல், உன் அக்கவுண்டில் 2,000 பவுண்டு போடுகிறேன், 200 நீ எடுத்துக்கொண்டு மிச்சத்தை நான் சொல்கிற இடத்துக்கு அனுப்பிவிடு.’ இங்கே இதற்கு ‘மணி மியூல்’ என்று பெயர், அதாவது அடுத்தவன் திருடிய பணத்தைச் சுமக்கிற கழுதை. 2002ஆம் வருடத்துச் சட்டப்படி இப்படிக் குற்றத்தில் வந்த பணத்தைக் கைமாற்றுவதற்கு 14 வருடம் வரை சிறை. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் வங்கிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிற மோசடிப் பட்டியலில் உங்கள் பெயர் 6 வருடம் வரை கிடக்கும். என்னோடு ஒரே வீட்டில் இருந்த திருச்சிப் பையன் ஒருவன் இதில் மாட்டினான். மூலைக் கடையில் பாலும் ரொட்டியும் எடுத்துவிட்டு அட்டையைச் சொருகினான், ஏற்கவில்லை. மறுபடி சொருகினான், ஏற்கவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. அன்றைக்குப் போன கணக்குதான், வேறு எந்த வங்கியும் அவனுக்குக் கணக்குத் திறக்கவில்லை, செல்போன் கான்ட்ராக்ட்கூடக் கிடைக்கவில்லை. பகுதிநேர வேலைச் சம்பளம் வாங்கவே வழியில்லாமல் நின்றான். பணத்தைப் போட்டவர் என்ன ஆனார் என்கிறீர்களா? அடுத்த வருடத் தீபாவளி விழாவில் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

உணவு டெலிவரி அக்கவுண்டை வாரவாடகைக்குத் தருகிறேன் என்று வருகிறவனும் இதே வகைதான். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம், ஆனால் சுயதொழில் அறவே கூடாது, டெலிவரி சுயதொழிலில்தான் வரும். கட்டுரை எழுதித்தருகிறேன் என்பவனைப் பற்றியும் ஒரு வரி: அந்த வியாபாரம் 2022லிருந்து இங்கிலாந்தில் குற்றம். சட்டம் விற்கிறவனைத்தான் பிடிக்கும், வாங்குகிற மாணவனைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும்.

இங்கே பழந்தின்று கொட்டை போட்ட நம்மவர்களைப் பற்றியும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் குழந்தைகள் குத்திக் கொல்லப்பட்டபோது, செய்தவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய் பரவியது. எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அதை முதலில் ஃபார்வர்டு செய்தவர், தானே ஒரு காலத்தில் விசா நீட்டிப்புக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர். அந்தப் பொய்யால் கிளம்பிய கலவரத்தில், ஒரு வாரத்துக்குள்ளேயே மிடில்ஸ்பரோவில் கலவரக்காரர்கள் காரை மறித்து ‘நீ வெள்ளைக்காரனா, இங்கிலீஷ்காரனா’ என்று கேட்டார்கள். நம் ஃபார்வர்டுக்காரர் என்ன, பாஸ்போர்ட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டா வண்டி ஓட்டுவார்? 1964இல் கிளாக்டன் கடற்கரையில் பையன்கள் போட்ட சின்னச் சண்டையைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியதை வைத்துத்தான் சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் ‘மாரல் பேனிக்’, அதாவது ஊதிப் பெரிதாக்கிய ஒன்றைப் பார்த்து ஊரே பதறுவது பற்றி விரிவாக எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்குக் கிளாக்டன் நினைவுக்கு வருவதில்லை, கோயில் குழுதான் வருகிறது.

சரி, பாடத்துக்கும் கொஞ்சம். ஊரில் குறிப்பை மனப்பாடம் செய்து எழுதி மார்க் வாங்கியவன் நான். இங்கே முதல் செமினாரில் இரண்டு வரைபடத்தைப் போட்டார்கள். 2000களின் தொடக்கம், போலீஸ் கணக்கில் வன்முறை ஏறுகிறது, வீடுவீடாகப் போய்க் கேட்கிற சர்வேயில் இறங்குகிறது. எது உண்மை என்று ஒரு மணி நேரம் வாதம். போலீஸ் கணக்கு ஏறியதற்கு, 2002இல் பதிவுமுறை மாறியதுதான் பெரிய காரணம். 2014இல் அந்தப் போலீஸ் கணக்குக்கு இருந்த ‘தேசியப் புள்ளிவிவரம்’ என்கிற அதிகாரபூர்வ முத்திரையையே எடுத்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், அதைப் பணிவு என்று இங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை, படிக்காமல் வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நான் தட்டுத்தடுமாறிப் பேசப் பழகினேன், இன்றைக்குக் கவுன்சிலில் சமூகப் பாதுகாப்புப் பிரிவில் வாரா வாரம் போலீஸ்காரர்களோடு மேசையில் எதிரெதிராக உட்கார்ந்து வாதாடுகிறேன், அந்தப் பழக்கம்தான் எனக்குச் சோறு போடுகிறது. உங்களுக்கு ஒரு சௌகரியம் வேறு இருக்கிறது: சைபர் கிரிமினாலஜியைத் தனித்துறையாக நிறுத்தி 2007இல் அதற்கென்று ஆய்விதழ் தொடங்கிய கே.ஜெய்சங்கர் உங்கள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இதைத் தெரியாமல் வருகிற நெல்லைப் பிள்ளைகளைப் பார்த்தால் கோபம் வருகிறது.

இன்னொன்று, காசு செலவில்லாதது. வகுப்பும் ஷிஃப்டும் இல்லாத நாளில் பெரிய குற்ற வழக்குகளை விசாரிக்கிற கிரவுன் கோர்ட்டில் பார்வையாளர் வரிசையில் போய் உட்காருங்கள், யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். நான் அப்படித்தான் குளிர்காலத்தை ஓட்டினேன், ஹீட்டர் வேறு நன்றாக இருக்கும். ஒரு கொலை வழக்கில் குத்தியவன் ஒருவன், கூண்டில் ஐந்து பையன்கள், கூட இருந்தவர்கள் மீதும் கொலைக் குற்றம்தான். ‘ஜாயின்ட் என்டர்பிரைஸ்’ என்பார்கள். அவன் குத்தக்கூடும் என்று மற்றவனுக்குத் தோன்றியிருந்தாலே போதும் என்றிருந்த சட்டத்தை 2016இல் ஜோகீ வழக்கில் உச்ச நீதிமன்றம் திருத்தியது, இப்போது உடந்தையாக இருக்கும் நோக்கம் இருந்ததா என்று பார்க்கிறார்கள். பையன்களின் அம்மாக்கள் என் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள், மதிய இடைவேளையில் ஒரு அம்மா எனக்கும் ஒரு சாண்ட்விச் நீட்டினார், நானும் யாரோ ஒருவனுடைய சொந்தக்காரன் என்று நினைத்துக்கொண்டு. லண்டனில் ஓல்டு பெய்லி என்கிற கிரவுன் கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால் செல்போனைக் கொண்டுபோகாதீர்கள், உள்ளே விடமாட்டார்கள், வைத்துவிட்டுப் போகவும் அங்கே இடம் தரமாட்டார்கள்.