மூடி வைத்து வளர்க்கும் ரோஜா – கடிதம்

அன்புள்ள ஐயா,

கனடாவில், வின்னிபெக்கில் இருக்கிறேன். மஞ்சள் ரோஜா வாங்கி வைத்தால் ஒவ்வொரு குளிர்காலமும் கருகிவிடுகிறது. சாக்கு சுற்றினேன், காப்பிச் சக்கை போட்டேன். போன வருடம் பிழைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால் சிவப்பாகப் பூக்கிறது! எதைக்கொண்டு மூடுவது? இல்லை, இந்த ஊரில் ரோஜாவுக்கு ஆசைப்படுவதே தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆசை தப்பில்லை, செடிதான் தப்பு. சிவப்பாகப் பூத்தது நீங்கள் வாங்கிய செடியே அல்ல. மேலே ஒட்டுக்கட்டிய மஞ்சள் செத்து, அடியிலிருந்த வேர்ச்செடி துளிர்த்திருக்கிறது. காப்பிச் சக்கையை விடுங்கள்.

கடிதம் முழுக்க மூடுவதையே கேட்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாக ஃபெலிசிட்டாஸ் ஸ்வெய்டாவையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வியன்னாவில் பிறந்தவர், ஒட்டாவாவில் கனடா அரசின் மத்திய பரிசோதனைப் பண்ணையில் 1961இல் குளிர் தாங்கும் ரோஜாக்களை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார். நாற்றுகளை எந்த மூடாக்கும் இல்லாமல் திறந்த வயலில் குளிருக்கு விட்டுவிடுவது அவர் முறை. செத்தது செத்ததுதான். பிழைத்தவற்றில் திரும்பத் திரும்பப் பூப்பது எது, கரும்புள்ளி நோய் அண்டாதது எது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். சாக்கு சுற்றியிருந்தால் எது தாங்கும், எது தாங்காது என்று எப்படித் தெரிந்திருக்கும், சொல்லுங்கள்?

அதிலும் சும்மா கலந்தால் வேலை நடக்காது. வடகிழக்கு ஆசியக் கடற்கரை மணலில் வளரும் ருகோசா ரோஜா கடுங்குளிரைத் தாங்கும், ஆனால் அதற்கு 14 குரோமோசோம். நம் கடை ரோஜாக்களுக்குப் பெரும்பாலும் 28. இரண்டையும் சேர்த்தால் 21, அநேகமாக மலடு. ஜெர்மனியில் கோர்டெஸ் என்ற ரோஜா வளர்ப்பாளரிடம், ருகோசா வழி வந்த, விதையே அரிதாக வைக்கும் மாக்ஸ் கிராஃப் செடியிலிருந்து ஒரு நாற்று குரோமோசோம் தானாக இரட்டித்து 28ஆக முளைத்தது. அந்த ஒரு நாற்றால்தான் வழி திறந்தது. ஸ்வெய்டா அந்த வம்சத்தை எடுத்துக்கொண்டு ஜான் கபோட், வில்லியம் பாஃபின் என்ற ரோஜா வகைகளையெல்லாம் உண்டாக்கினார். பாஃபினை ஒட்டாவாவில் பார்த்திருக்கிறேன்: தலைக்கு மேலே ஏறி, கொத்துக்கொத்தாக அடர் இளஞ்சிவப்பு, நடுவே மஞ்சள் மகரந்தம். இத்தனையும் மக்கள் வரிப்பணத்தில், மக்கள் வீட்டு வாசலுக்காக நடந்த வேலை. பிற்பாடு அரசு அதைக் கைகழுவியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

உங்கள்மேலும் கோபம்தான். மோர்டென் ஆராய்ச்சி நிலையம் உங்கள் மாகாணத்தில்தானே இருக்கிறது, காரில் போய்வருகிற தூரம்! அங்கே ஹென்றி மார்ஷல் புல்வெளிக் காட்டு ரோஜாவைக் கலந்து பார்க்லாந்து வகைகளை உருவாக்கினார். பனி தரைவரை கருக்கினாலும் அந்த வருடத் துளிரிலேயே பூக்கும். அதை விட்டுவிட்டு மே மாதம் சூப்பர்மார்க்கெட் வாசலில் மெழுகு பூசி நிற்கும் குச்சியை வாங்கிவந்து, அது செத்தால் ஊரைக் குறை சொல்கிறீர்கள். இத்தனை குளிரிலும் விடாமல் நடுகிற உங்களுக்கு நல்ல செடி கிடைக்க வேண்டாமா அம்மா?

மஞ்சள்தான் வேண்டும் என்றால் மோர்டென் சன்ரைஸ் கேளுங்கள், மஞ்சளில் லேசாக ஆரஞ்சு ஓடும். ஒட்டுச்செடி வேண்டாம், சொந்த வேரில் வளர்ந்ததாக வாங்குங்கள். ஜூலைக்குப் பிறகு உரம் போடாதீர்கள், இளந்துளிர்தான் முதலில் கருகும். முதல் வருடம் மட்டும் அடியில் மண் அணையுங்கள், போதும்.